போர்க்குக்கு ஓய்வு கொடுங்கள்: ஸ்டார் ட்ரெக் படைப்பாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாரமவுண்ட் நிறுவனத்தில் ஸ்டார் ட்ரெக் தொடர்களைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றை உட்கார்ந்து எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்து நீங்கள் தொடங்கப்போகும் விண்வெளிப் பயணத் தொடரில், முதல் சீசன் முழுக்க, நாங்கள் ஏற்கெனவே பார்த்த எந்த வேற்றுக்கிரக இனமும் கதையின் எதிரியாகவோ மர்மமாகவோ வர வேண்டாம். ஆட்களைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பாதி இயந்திர இனமான போர்க் வேண்டாம், போர்க்குணம் கொண்ட கிளிங்கன் வேண்டாம், ரோமுலன் வேண்டாம், பல்லி உருவக் கார்ன் வேண்டாம். விண்கப்பலுக்குள் வேலை பார்ப்பவர்களில் வல்கனோ ஆண்டோரியனோ இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கப்பல் போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவர்கள் மட்டும் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும்.

1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி தொலைக்காட்சியில் உங்கள் முதல் எபிசோட் வந்தது. உடம்பிலிருக்கும் உப்பை உறிஞ்சி வாழும் ஒரு உயிர், தன் இனத்தில் மிஞ்சிய கடைசி ஒன்று, அதுதான் அந்தக் கதை. அதைக் கொன்ற பிறகு எண்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் கிர்க், அமெரிக்காவில் கிட்டத்தட்ட அழிந்தே போன காட்டெருமைகளை நினைத்துக்கொள்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஒரு குரல், புதிய உயிர்களையும் புதிய நாகரிகங்களையும் தேடிப் போகிறோம் என்று எங்களுக்கு வாக்குக் கொடுத்தது. அறுபது ஆண்டாக நீங்களும் அந்த வரிகளை விடாமல் ஒலிக்கவிட்டு வருகிறீர்கள். அந்த வாக்கை நம்பி உட்காருகிறவர்களில் நானும் ஒருவன்.

அந்த வாக்கு எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு எபிசோடைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1967 மார்ச் 9 அன்று வந்தது. ஜேனஸ் 6 என்ற கோளில் ஒரு சுரங்கம். பாறையைத் துளைத்துக்கொண்டு வரும் ஏதோ ஒன்று தொழிலாளர்களை ஒவ்வொருவராக அமிலத்தால் கரித்துக் கொல்கிறது. ஐம்பது பேருக்கு மேல் செத்தாயிற்று. கிர்க்கும் அவருடைய வல்கன் துணை அதிகாரி ஸ்பாக்கும் அதை ஒழித்துக்கட்டத்தான் அழைக்கப்படுகிறார்கள். சுரங்க நிர்வாகியின் மேசையில் உருண்டையாக ஒரு சிலிக்கன் கட்டி கிடக்கிறது. தோண்டும்போது ஆயிரக்கணக்கில் கிடைக்கும், ஒன்றுக்கும் உதவாத பொருள் என்கிறார் அவர். ஸ்பாக் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கடைசியில் அந்தப் 'பூதம்' அகப்படும்போது அது காயம்பட்டுக் கிடக்கிறது. ஸ்பாக் அதன் மேல் கைவைத்து மனத்தோடு மனம் கலக்கிறார், அதன் வலியைத் தன் வாயால் அலறுகிறார். அப்போதுதான் தெரிகிறது: அது ஹோர்ட்டா என்னும் சிலிக்கன் உயிர். அது ஒரு தாய். மேசையில் கிடந்த உருண்டை அதன் முட்டை. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியது அதன் பிள்ளைகளை.

ஐம்பது நிமிடம் நாம் யாருக்காகப் பயந்தோமோ அவர்கள்தான் அங்கே கொலைகாரர்கள். தெரியாமல் செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். டாக்டர் மெக்காய் கான்கிரீட்டைக் குழைத்துக் காயத்தைப் பூசி அதைப் பிழைக்கவைக்கிறார். பொரித்த குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், மனிதர்கள் கனிமத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு உடன்பாடும் ஏற்படுகிறது.

அந்த ஹோர்ட்டாவுக்கு முகம் இல்லை, கண் இல்லை, பேச்சு இல்லை. யானோஷ் ப்ரொஹாஸ்கா என்ற கலைஞர் தானே அந்த உடையைச் செய்து, தானே அதற்குள் புகுந்து தரையில் ஊர்ந்தார். அவ்வளவுதான் செலவு. புதிய உயிர் என்றால் பணம் அதிகம் ஆகும் என்று இன்று யாராவது சொன்னால் அந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள்.

இதை எழுதியவர் ஜீன் கூன். அவரேதான் இரண்டே வாரம் கழித்து, மார்ச் 23 அன்று வந்த எபிசோடில் கிளிங்கன்களைப் படைத்தார். அதே ஆண்டு ஜனவரியில் கார்ன்களைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். மூன்று மாதத்துக்குள் மூன்று இனங்கள். நீங்கள் இன்று பத்திரமாக எடுத்து எடுத்துப் பயன்படுத்தும் எல்லாமே, முன்னால் யாரும் செய்யாததை ஒருவர் அவசர அவசரமாகச் செய்து பார்த்ததால் கிடைத்தது.

பழைய இனங்கள் திரும்பி வரவே கூடாது என்பது என் கட்சி இல்லை. நல்லபடியாக வந்ததும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கிளிங்கன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, சோவியத் பனிப்போரின் நிழலில் பிறந்தவர்கள். 1991 டிசம்பரில் வந்த ஆறாவது திரைப்படத்தில், தங்கள் நிலவு வெடித்துப்போய், சமாதானம் கேட்டு வருகிறார்கள். மகனைக் கிளிங்கன்களிடம் பறிகொடுத்த கிர்க்தான் அவர்களை வரவேற்கப் போக வேண்டும். படம் வந்த அதே மாதம் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இருபத்து நான்கு ஆண்டாக எதிரியாக இருந்தவர்களை வைத்து, எதிரி இல்லாமல் வாழ நமக்குத் தெரியுமா என்று அந்தப் படம் கேட்டது. புதிதாக ஒரு இனத்தைக் கொண்டுவந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. அந்த இருபத்து நான்கு ஆண்டும் அதற்குத் தேவைப்பட்டது.

ஃபெரெங்கி என்ற இனத்தாரும் அப்படித்தான். 1987-இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் பெரிய வில்லன்களாக வந்தார்கள், எடுபடவில்லை. குதித்துக்கொண்டு சாட்டை வீசும் அவர்களைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. அப்புறம் டீப் ஸ்பேஸ் நைன் தொடரை எழுதியவர்கள் ஏழு சீசன் அவர்களோடு கூடவே இருந்தார்கள். நாக் என்ற திருட்டுப் பையன் ஸ்டார்ஃப்ளீட் விண்படையில் சேரும் முதல் ஃபெரெங்கி ஆகிறான், போரில் கால் போகிறது, வெளியுலகத்தைப் பார்க்கப் பயந்து கணினி உருவாக்கிய ஒரு பொய்யான உலகத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். 1998-இல் வந்த அந்த எபிசோடில், அங்கே தனக்குத் துணையாக இருக்கும் வயதான பாடகரிடம், சாகவும் பயம், வெளியே போகவும் பயம் என்று அவன் உடைந்து பேசுவதைக் கேட்டவர்கள் அவனை மறக்க மாட்டார்கள். அங்கே ஒரு இனத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஒருவனை வளர்த்தார்கள். இரண்டும் வேறு.

போர்க் விஷயத்தில்தான் என் மனது ஆறவில்லை.

1989-இல் அவர்கள் முதலில் வந்த எபிசோடை இன்றைக்கும் போட்டுப் பாருங்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் எண்டர்பிரைஸ் கப்பல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏழாயிரம் ஒளியாண்டு தள்ளி வீசப்படுகிறது. எதிரே ஒரு பெரிய கனசதுரம். துணை அதிகாரி ரைக்கர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அதற்குள் போகிறார். போர்க்குகள் பக்கத்திலேயே நடந்து போகின்றன, இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர்கள் ஒரு பொருட்டே இல்லை. மனிதர்களிடம் அவற்றுக்குக் கோபம் கிடையாது, பேசவும் ஒன்றுமில்லை. கப்பலை ஆட்கள் இருக்கிற இடத்தோடு சேர்த்து அறுத்து எடுத்துக்கொள்கின்றன, பதினெட்டுப் பேர் போய்விடுகிறார்கள். எதற்கும் கலங்காத கேப்டன் பிகார்ட், தன்னை வம்புக்கு இழுத்த, எல்லாம் வல்ல க்யூ என்ற உயிரிடமே உதவி கேட்டு நிற்கிறார். எங்களுக்குத் தெரிந்த எந்த நியாயமும் செல்லாத ஓர் இடத்துக்குக் கதை வந்துவிட்டது என்று அப்போது விளங்கியது.

அப்புறம் என்ன நடந்தது? 1996 திரைப்படத்தில் அவர்களுக்கு ஒரு ராணி கிடைத்தாள். ஆலிஸ் கிரிக் அற்புதமாக நடித்தார், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ராணி வந்ததும் போர்க்குக்கு ஒரு முகம் வந்துவிட்டது, ஆசை வந்துவிட்டது, கோபம் வந்துவிட்டது, பேரம் பேசும் வாய் வந்துவிட்டது. அதாவது நமக்குத் தெரிந்த வில்லியாகிவிட்டாள். வாயேஜர் தொடரில் ஒற்றைக் கப்பல் அவர்களைத் திரும்பத் திரும்ப ஏய்த்தது. போர்க்கிலிருந்து மீட்கப்பட்ட செவன் ஆஃப் நைன் என்ற அருமையான பாத்திரம் கிடைத்தது உண்மை, அதற்குக் கொடுத்த விலை போர்க் மீதிருந்த பயம். 2020-இல் தொடங்கிய பிகார்ட் தொடரின் மூன்று சீசனிலும் போர்க் உண்டு. 2023-இல் கடைசி எபிசோடில் மறுபடியும் ராணி, மறுபடியும் தோல்வி. பழைய கப்பலையும் பழைய நண்பர்களையும் ஒன்றாகப் பார்த்ததில் எனக்கும் நெகிழ்ச்சிதான். போர்க்கைப் பார்த்துப் பயம் மட்டும் வரவில்லை.

நடுவில் 1992-இல் ஒரு எபிசோட், காயம்பட்ட ஒற்றைப் போர்க்கைக் கப்பலுக்குத் தூக்கிவந்து, அதை ஆயுதமாக்கி மொத்த இனத்தையும் அழிக்கலாமா என்று கேட்டது. பிகார்டே தடுமாறினார். போர்க்கைத் திருப்பிக் கூட்டிவர ஒரு நியாயமான காரணம் அது. அதற்கு முந்திய கதை நமக்குக் கற்றுக்கொடுத்த வெறுப்பையே கேள்விக்கு உட்படுத்தியது. முப்பது ஆண்டில் அப்படி எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கார்ன் கதை இன்னும் வருத்தம் தருகிறது. 1967-இல் கார்ன்கள் செஸ்டஸ் 3 என்ற குடியிருப்பைத் தரைமட்டமாக்குகிறார்கள். பழிவாங்கத் துரத்திப் போகும் கிர்க்கையும் கார்ன் கேப்டனையும் மெட்ரான்கள் என்ற மேம்பட்ட உயிர்கள் ஒரு வறண்ட கோளில் இறக்கி மோதவிடுகிறார்கள். கந்தகம், கரி, வெடியுப்பு, மூங்கில் எல்லாம் தேடிப்பிடித்து கிர்க் ஒரு பீரங்கி செய்து ஜெயிக்கிறார். ஆனால் குத்துவதற்குக் கத்தியை ஓங்கிய கையை நிறுத்திவிடுகிறார். ஏனென்றால் அதற்குள், அந்தக் குடியிருப்பு தங்கள் எல்லைக்குள் நடந்த ஆக்கிரமிப்பு என்று கார்ன்கள் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருவேளை அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். தொடரின் உயிரே அந்த ஓங்கிய கையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

2022-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடரில் அதே கார்ன்கள் மனித உடம்பில் முட்டையிடுகின்றன, வயிற்றைக் கிழித்துக்கொண்டு குஞ்சுகள் வருகின்றன, இருட்டுத் தாழ்வாரங்களில் வேட்டையாடுகின்றன. பேச்சு கிடையாது, நியாயம் கிடையாது. திகில் கதையாக அது விறுவிறுப்பாகத்தான் இருந்தது. கப்பலின் பொறியாளர் ஹெம்மரின் சாவு என்னை உலுக்கியது. ஆனால் அந்த வேலைக்கு கார்ன் எதற்கு? புதிதாக ஒரு கொடிய உயிரைப் படைத்திருந்தால் அதே திகில் கிடைத்திருக்கும், 1967-இல் கிர்க் கற்றுக்கொண்ட பாடமும் கெட்டிருக்காது. பெயர் தெரிந்த இனம் என்பதால் கார்னைப் பிடித்து வந்தீர்கள், வந்தபின் அந்தப் பெயருக்கு உரிய அர்த்தத்தைக் கழற்றிவிட்டீர்கள். மூன்றாம் சீசனில் விமானி ஒர்டேகாஸையும் ஒரு கார்னையும் ஒரே இடத்தில் தனியாக மாட்டவைத்து, இருவரையும் நெருங்கவிட்டதைப் பார்த்தபோது உங்களுக்கே இது உறுத்தியிருக்கிறது என்று தோன்றியது. நல்ல எபிசோட். ஆனால் மூன்று சீசனாகக் கார்னைப் பேயாகக் காட்டியதைச் சரிசெய்யப் பிறந்த எபிசோட்.

ஏன் இப்படி ஆகிறது என்பது ஓரளவு புரிகிறது. முதல் தொடரின் முதல் சீசனில் 29 எபிசோடுகள். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் வழக்கமாக 26. ஒரு வாரம் புதிய இனத்தை வைத்துக் கதை சொல்லி அது சொதப்பினாலும் அடுத்த வாரம் இருந்தது. இப்போது பத்தே எபிசோடு, சில சமயம் சீசனுக்கும் சீசனுக்கும் நடுவில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி. ஒவ்வொரு எபிசோடும் விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தில் தெரிந்த முகத்தைத் தேடிப் போகிறீர்கள். டிரெய்லரில் போர்க் கனசதுரத்தைக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். அந்தக் கைதட்டல் ஒரு நாளைக்கு. அதை வைத்து ஒரு சீசனைத் திட்டமிடாதீர்கள்.

இன்னொன்று, முன்கதை மோகம். 2001-இல் வந்த எண்டர்பிரைஸ் தொடர், 2017-இல் தொடங்கிய டிஸ்கவரியின் முதல் இரண்டு சீசன், ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ், எல்லாமே கிர்க்கின் பயணத்துக்கு முந்தைய காலம். அந்தக் காலத்தில் போய் ஒரு பெரிய புதிய நாகரிகத்தைச் சந்தித்தால், பின்னால் வந்த யாரும் ஏன் அதைப் பற்றிப் பேசவில்லை என்ற கேள்வி வரும். பழைய இனத்தைக் கொண்டுவந்தாலும் சிக்கல்தான். எண்டர்பிரைஸில் ஃபெரெங்கிகளும் வந்தார்கள், போர்க்கும் வந்தார்கள். ஆனால் வரலாறு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக யாரும் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை! தேடிப் போகிறவர்கள், சந்தித்தவரின் பெயரைக் கேட்காமல் திரும்பி வருகிறார்கள் என்றால் அந்தக் கதையைக் கட்டிப்போட்டது எது என்று பாருங்கள்.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. செய்து காட்டியிருக்கிறீர்கள். டிஸ்கவரியின் நான்காம் சீசனில் வந்த 10-சி இனத்தைச் சொல்கிறேன். பால்வீதிக்கு வெளியே வாழும் பிரம்மாண்டமான உயிர்கள். முகமில்லை, தனி ஆள் என்ற எண்ணமே இல்லை. கோள்களை நொறுக்கும் ஒன்றை அனுப்பிக் கனிமம் சேகரிக்கிறார்கள், அதில் கோடிக்கணக்கானோர் சாகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் பர்னமும் குழுவினரும் அவர்கள் கைவிட்டுப்போன கோளில் இறங்கி, எலும்புகளுக்கு நடுவே படிந்திருந்த தூசியைத் தொடுகிறார்கள். தொட்டவருக்குத் திடீரென்று பீதி. இன்னோர் இடத்தில் அன்பு. அந்தத் தூசியின் வேதிப்பொருள்கள்தான் அவர்களின் உணர்வைச் சுமக்கின்றன. அதிலிருந்து தொடங்கி, கணக்கையும் ஒளியையும் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஒரு பேச்சு உருவாகிறது. எங்களைக் கொல்கிறீர்கள் என்று சொல்லி முடித்ததும் அவர்கள் துக்கப்படுகிறார்கள், நிறுத்துகிறார்கள்.

கவனித்தீர்களா? இது ஹோர்ட்டா கதைதான். 1967-இல் நாம் சுரங்கம் தோண்டி, தெரியாமல் அவர்கள் பிள்ளைகளைக் கொன்றோம். 2022-இல் அவர்கள் தோண்டுகிறார்கள், தெரியாமல் நம்மைக் கொல்கிறார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள், ஒரு பழைய ரப்பர் முகமூடியைக்கூட வெளியே எடுக்காமல். ஸ்டார் ட்ரெக்கின் மரபு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரே ஒரு குறை: பதின்மூன்று எபிசோடில் கடைசி இரண்டில்தான் அவர்களைச் சந்திக்கவிட்டீர்கள். மீதி நேரம் அவர்கள் யார் என்ற பதற்றத்திலேயே ஓடியது. சந்தித்த பிறகு நடப்பதுதானே எங்களுக்கு வேண்டியது.

சரக்குக்கும் பஞ்சமில்லை. 1966-இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்கூட உறுதியாகத் தெரியாது. இன்று ஆறாயிரத்துக்கு மேல் தெரியும். பால்வீதியில் பெரும்பாலான விண்மீன்கள் சிவப்புக் குள்ளன்கள். அவற்றை ஒட்டிச் சுற்றும் கோள்களில் பல, ஒரே பக்கத்தை எப்போதும் விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கக் கூடியவை. ஒரு பாதி என்றைக்கும் பகல், மறு பாதி என்றைக்கும் இரவு. காலை, மாலை என்பதே அறியாத ஒரு மக்கள் நேரத்தை எப்படிப் பேசுவார்கள், முதுமையை எப்படி அளப்பார்கள்? சனியின் நிலவான என்செலடஸின் குறுக்களவு சுமார் ஐந்நூறு கிலோமீட்டர்தான். அதன் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது, காசினி விண்கலம் அதன் நீர்ப்பீச்சலுக்குள்ளேயே பறந்து வந்தது. வானமே பனிக்கூரையாக இருக்கும் ஒரு கடலில் அறிவு முளைத்தால், விண்மீன் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு எப்போது தெரியவரும்? நம்மூர்க் கடலில் இருக்கும் ஆக்டோபஸுக்கு நரம்புச் செல்களில் பெரும்பங்கு கைகளில்தான் இருக்கிறது. தனக்குள்ளேயே பல பேர் யோசிக்கும் ஒருவரோடு உங்கள் கேப்டன் ஒப்பந்தம் போட வேண்டி வந்தால், கையெழுத்து யாருடையது? இவையெல்லாம் எபிசோடுகள். நான் எழுத்தாளன்கூட இல்லை. உங்களிடம் இன்னும் எவ்வளவு இருக்கும்!

1987-இல் உங்கள் தொடரே ஒரு கணக்குச் சொன்னது: மூன்று நூற்றாண்டு விண்பயணத்துக்குப் பிறகும் பால்வீதியில் பதினொரு சதவீதம்தான் வரைபடத்தில் ஏறியிருக்கிறது. மீதி அப்படியே கிடக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள். அடுத்த தொடரைக் காலத்தில் முன்னால் கொண்டுபோய் வையுங்கள், பின்னால் வேண்டாம். பத்து எபிசோடுதான் என்றால் அதில் நான்கையாவது தனித்தனி உலகங்களுக்கு ஒதுக்குங்கள். சீசன் முழுக்க ஓடும் ஒற்றை ஆபத்து எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. உயிர்களை வடிவமைப்பவர்களைக் கதை எழுதி முடித்த பிறகு கூப்பிடாதீர்கள். முதல் நாளே எழுத்தாளர்களோடு உட்காரவையுங்கள், ஒப்பனைக் கலைஞரும் உயிரியல் தெரிந்தவரும் அங்கே இருக்கட்டும். ஒரு புதிய இனம் எடுபடாமல் போனால் போகட்டும், நாங்கள் பொறுத்துக்கொள்வோம். ஃபெரெங்கிகளைப் பொறுத்துக்கொண்டோம், நாக் கிடைத்தான். என் போன்ற ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு: தெரிந்த முகம் வந்தால் மட்டும் கொண்டாடுவதை நாங்களும் குறைத்துக்கொள்ள வேண்டும், புதியவர்களுக்கு இரண்டு மூன்று எபிசோடாவது அவகாசம் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. 10-சி பலருக்குப் பிடித்துப்போனதால் அவர்களையும் திரும்ப அழைக்க வேண்டும் என்று என்றாவது உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். அழைப்பதானால் அழையுங்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு தலைவி வேண்டாம், நம் மொழியில் பேசும் ஒரு தூதர் வேண்டாம், பழிவாங்கும் எண்ணம் வேண்டாம். இவ்வளவு நாள் கழித்து அவர்கள் நம்மிடம் என்ன கேட்க வந்திருக்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் எழுதத் தொடங்குங்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் நெடுநாள் பார்வையாளன்